தொண்டைக்கு ஒரு முட்டுக் கம்பு

ஆனி பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றைப் பற்றித்தான் பேச்சு. மலை இடைவெளிகளில் புகுந்து இறங்கும் தென்மேற்குக் காற்று, ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுப் போகும். போகிற வழியில் சின்னமனூர், கம்பம், கூடலூர் வாழைத் தோட்டக்காரர்களின் நிம்மதியையும் எடுத்துக்கொண்டு போகும். தார் தள்ளிய மரம் தலைகனத்து நிற்கும் நேரத்தில் ஒரு வீச்சு போதும், ஓராண்டு உழைப்பு தரையில் கிடக்கும். அதனால் மரத்துக்கு முட்டுக் கொடுக்கிறார்கள். கம்பை மரத்தின் கழுத்தில் சாய்த்து ஊன்றிக் கட்டிவிட்டால், காற்று அடித்தாலும் அடங்கினாலும் அது பாட்டுக்கு நிற்கும்.

இன்னொரு வழியையும் கற்பனை செய்து பார்க்கலாம். தோட்டத்தில் ஓர் ஆளை நிறுத்துவது. காற்றின் போக்கைப் பார்த்து, ஆடுகிற மரத்தின் கயிற்றை இழுத்துக் கட்டுவார். காற்று ஓய்ந்ததும் தளர்த்திவிடுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் காற்றைச் சரியாகக் கணிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

தூக்கத்தில் தொண்டை சரிந்து மூச்சு அடைபடும் ‘ஸ்லீப் ஆப்னியா’ நோய்க்கு இன்று கிடைக்கும் இரண்டு வகை இயந்திரங்களுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இதுதான். இரவு முழுக்க ஒரே அழுத்தத்தில் காற்றைத் தருவது சிபேப். தொண்டையின் நிலையைப் பார்த்துப் பார்த்து அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைப்பது ஆட்டோ சிபேப். இரண்டாவதன் விலை கூடுதல். ‘எதை வாங்குவது?’ என்று கேட்பவருக்குக் கடைக்காரர் பெரும்பாலும் விலை உயர்ந்ததைக் காட்டுவார். சரியான பதில் விலைப்பட்டியலில் இல்லை. அவரவர் தொண்டையில் கொஞ்சம் இருக்கிறது. அவரவர் ஊரில் கொஞ்சம் இருக்கிறது.

நம் வீடுகளில் குறட்டைக்கு நல்ல பெயர் உண்டு. “மனுசன் அசந்து தூங்குறாரு, எழுப்பாதீங்க” என்று வீட்டார் காவல் காப்பார்கள். கும்பகர்ணனை இழுத்து ஒரு கிண்டல் செய்வதோடு விசாரணை முடிந்துவிடும். அந்தக் குறட்டைக்கு நடுவே வரும் மௌனம் பக்கத்தில் படுப்பவருக்கு மட்டுமே தெரியும். ஏறிக்கொண்டே போன சத்தம் சட்டென்று நிற்கும். பத்து நொடி, இருபது நொடி, சிலருக்கு அதற்கும் மேல். நெஞ்சும் வயிறும் எக்கி எக்கி ஏறி இறங்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. பிறகு வெடித்தாற்போல் ஒரு மூச்சு, ஒரு புரளல், மறுபடியும் குறட்டை. காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. தலை கனக்கிறது, பகலில் கண் சொருகுகிறது என்பார். இரத்த அழுத்த மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகும்.

நாக்கின் அடிப்பகுதிக்கும் உள்நாக்குக்கும் பின்னால் இருக்கும் தொண்டைக்குழாயை விறைப்பாகப் பிடித்து நிறுத்த எலும்போ குருத்தெலும்போ கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள் அதை இழுத்துத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் பிடி தளர்கிறது. மதுரை ஜிகர்தண்டாவை மெல்லிய உறிஞ்சுகுழலில் அவசரமாக இழுத்தால் குழலின் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அதுதான் இங்கும் நடக்கிறது. எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூளை பதறி ஒரு கணம் விழிக்கவைத்தால்தான் தசை இறுகி வழி திறக்கும்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது கணிசமாகக் குறைந்தது என்ற கணக்குக்கு ஏ.எச்.ஐ. என்று பெயர். 5க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 15 வரை லேசான நோய், 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. 60 என்று வந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை என்று பொருள். அப்படிப்பட்டவர்களும் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார்கள்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆண்களில் 13 சதவீதம், பெண்களில் 5. தலைக்கணக்காகச் சொன்னால் சுமார் 10.4 கோடி பேர், அவர்களில் 4.7 கோடி பேருக்கு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருக்கிறது. 2022 பிப்ரவரியில் இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் இறந்தபோது மருத்துவமனை இந்த நோயின் பெயரைச் சொன்னது. அப்போதுதான் பல குடும்பங்கள் இந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டன. குண்டானவர்களுக்கு மட்டும் வருவது என்ற நினைப்பும் தவறு. ஆசியர்களின் தாடை, முக அமைப்பு காரணமாக எடை அதிகமில்லாதவர்களுக்கும் வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. அவர்களில் பலர் குறட்டையைப் பற்றிச் சொல்வதில்லை. ‘அசதியா இருக்கு’ என்பார்கள். இரத்தசோகை மாத்திரையோடு திரும்பிவிடுவார்கள்.

1980 வரை கடுமையான நோயாளிக்கு மருத்துவம் வைத்திருந்த முக்கியமான வழி கழுத்தில் துளை போடுவது. அடைபடும் இடத்துக்குக் கீழே மூச்சுக்குழாயைத் திறந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, வாழ்க்கைதான் பிரச்சினையாகிவிடும். அந்த ஆண்டு ஜூனில், ஆஸ்திரேலியாவின் சிட்னியில், அந்த அறுவைக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த கட்டடத் தொழிலாளி ஒருவரிடம் காலின் சலிவன் என்ற மருத்துவர் ஒரு இரவு மட்டும் ஒரு பரிசோதனைக்கு உடன்படச் சொன்னார். தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டார் வகையைச் சேர்ந்த ஊதுகருவி, மூக்குக்கு அளவெடுத்து வார்த்த முகமூடி, அது கசியாமலிருக்கப் பசை. காற்றை ஊதி அழுத்தத்தை மெல்ல ஏற்றியதும் ஓர் இடத்தில் மூச்சுத் தடை நின்றது. அழுத்தத்தைக் குறைத்ததும் திரும்பி வந்தது. இப்படி ஐந்து நோயாளிகளின் கதையை 1981 ஏப்ரலில் லான்செட் இதழ் வெளியிட்டது. அவர்களுக்குத் தேவைப்பட்டது 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் மட்டுமே.

அது எவ்வளவு அழுத்தம் என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு சொம்பில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சுகுழலை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி ஊதுங்கள். அடியிலிருந்து முதல் குமிழி கிளம்பும்போது உங்கள் வாயில் இருக்கும் அழுத்தம்தான் ‘10’. குழந்தையும் ஊதிவிடும். தொண்டையை முட்டுக் கொடுத்து நிறுத்த இவ்வளவுதான் வேண்டும். சிபேப் இயந்திரம் மூச்சு விடுவதில்லை, ஆக்சிஜன் தருவதுமில்லை. அறையில் இருக்கும் அதே காற்றை லேசாக அழுத்தி அனுப்புகிறது. ‘வீட்டிலேயே ஆக்சிஜன் மாட்டிக்கிட்டாராம்’ என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். கொரோனா காலத்துப் பயம் அது.

எவ்வளவு அழுத்தம் என்பதை யார் முடிவு செய்வது? பழைய முறையில் அதற்கென்று ஓர் இரவு உண்டு. தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் தலையிலும் மார்பிலும் காலிலும் கம்பிகள் ஒட்டி நோயாளியைப் படுக்கவைப்பார்கள். பக்கத்து அறையில் தொழில்நுட்பர் கண்விழித்துத் திரையைப் பார்த்துக்கொண்டே 4இல் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குக் குறையாத இடைவெளிகளில் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு போவார். மூச்சுத் தடையும் குறட்டையும் அடங்கும் இடம்தான் அந்த மனிதரின் எண். மல்லாந்து படுத்துக் கனவுத் தூக்கத்தில் இருக்கும்போதும் அது போதுமா என்று பார்த்தால்தான் கணக்கு நேர். டொரண்டோவைச் சேர்ந்த ஹாஃப்ஸ்டைன் குழுவினர் 1990களில் ஒரு சூத்திரமே போட்டார்கள். உடல் நிறை எண்ணை 0.16ஆல் பெருக்கி, கழுத்துச் சுற்றளவை 0.13ஆல் பெருக்கி, ஏ.எச்.ஐ.யை 0.04ஆல் பெருக்கி, மூன்றையும் கூட்டி, 5.12ஐக் கழிக்க வேண்டும். உடல் நிறை எண் 30, சட்டைக் கழுத்து 42 சென்டிமீட்டர், ஏ.எச்.ஐ. 40 என்றால் வருவது 6.7. தையல்காரரின் நாடாவுக்கு நுரையீரல் மருத்துவத்தில் இப்படியும் ஓர் இடம் உண்டு. ஆனாலும் இது தொடக்க ஊகம்தான். ஒரே கழுத்தளவு கொண்ட இருவருக்கு ஒரே எண் வரும் என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

இங்கேதான் ஊர் குறுக்கே வருகிறது. தேனியிலிருந்து மதுரை 75 கிலோமீட்டர். கம்பத்திலிருந்து கிட்டத்தட்ட 115. தேனிக்குப் பக்கத்தில் க.விலக்கில் 2004இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு பல நோய்களுக்கு மதுரைப் பயணம் மிச்சமானது. அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்ட மதுரை ரயில் 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்பி வந்தது. ஆனாலும் ஒருவருக்காக ஒரு தொழில்நுட்பர் இரவு முழுக்க விழித்திருக்கும் பரிசோதனை சிறு ஊர்களில் எளிதில் வாய்ப்பதில்லை. அதற்குப் போக ஒருநாள் கூலி போகும், கூட ஒருவர் வர வேண்டும். புது இடம், புதுக் கட்டில், உடம்பெல்லாம் கம்பி. அந்த ஓர் இரவில் சரியாகத் தூக்கம் வராவிட்டால் கிடைக்கும் எண்ணும் அரைகுறைதான். நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காவது விரலில் ஒரு கிளிப்பும் மார்பில் ஒரு பட்டையும் மூக்கில் ஒரு குழலும் மாட்டி வீட்டிலேயே செய்யும் சோதனை வந்துவிட்டது. அழுத்தத்தைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆளின் வேலையை இயந்திரத்துக்குள்ளேயே வைத்தால் என்ன என்று கேட்டவர்களில் முன்னோடி மைக்கேல் பெர்தோன் ஜோன்ஸ், அவரும் சிட்னிக்காரர்தான். தானே அழுத்தத்தை அமைத்துக்கொள்ளும் இயந்திரம் சாத்தியமா என்ற அவரது கட்டுரை 1993இல் வந்தது. இன்றைய ஆட்டோ இயந்திரங்களின் அடிப்படை அதுதான்.

ஆட்டோ இயந்திரம் ஒவ்வொரு மூச்சின் வடிவத்தையும் கவனிக்கிறது. தடையில்லாமல் இழுக்கும் மூச்சை வரைபடமாகப் போட்டால், தேனியிலிருந்து பார்க்கும்போது தெரியும் மலைமுகடு மாதிரி வட்டமாக எழுந்து இறங்கும். தொண்டை சுருங்கத் தொடங்கியதும் முகட்டின் உச்சி மழுங்கி மேசை போலத் தட்டையாகிறது. குறட்டைச் சத்தம் எழும்பும் முன்பே தெரிந்துவிடும் அறிகுறி இது. இதைக் கண்டதும் இயந்திரம் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றும். குறட்டையின் அதிர்வு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றும். எல்லாம் அமைதியானால் மிக மெதுவாக இறக்கும். மூச்சு நின்றே போனால் ஒரு கேள்வி எழுகிறது. தொண்டை அடைத்ததா, இல்லை மூளையே ‘மூச்சு விடு’ என்று சொல்ல மறந்ததா? முதலாவதற்கு அழுத்தம் மருந்து. இரண்டாவதற்கு அழுத்தம் உதவாது, சில சமயம் கெடுக்கும். இதைப் பிரித்தறிய ஒரு நிறுவனத்தின் இயந்திரம் நொடிக்கு நான்கு முறை மெல்லிய காற்றதிர்வை அனுப்பி எதிரொலியைப் பார்க்கிறது. இன்னொரு நிறுவனம் சிறு தட்டல்களை அனுப்புகிறது. மூடிய கதவைத் தட்டினால் ஒரு சத்தம், திறந்த வாசலில் வேறு சத்தம்.

இவ்வளவு புத்தி உள்ள இயந்திரம், நின்றது நின்றபடி ஊதும் எளிய இயந்திரத்தைத் தோற்கடித்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பல நாடுகளின் சோதனைகளைத் தொகுத்த காக்ரன் ஆய்வு 2019இல் சொன்னது, ஆட்டோ வைத்திருப்பவர்கள் இரவுக்குச் சராசரியாக 13 நிமிடம் கூடுதலாக மாட்டுகிறார்கள் என்பது. ஒரு காபி குடிக்கும் நேரம். மூச்சுத் தடையைக் குறைப்பதில் இரண்டுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியும் அதே ஆண்டில், வேறு பெரிய நோய்கள் இல்லாதவர்களுக்கு இரண்டில் எது வேண்டுமானாலும் சரி என்று வழிகாட்டியது. ஆய்வுக்கூட இரவுக்குப் பதிலாக வீட்டிலேயே ஆட்டோவில் தொடங்குவதையும் ஏற்றுக்கொண்டது. 2016இல் பிரான்ஸில் 322 பேரை வைத்து நடந்த சோதனை ஒன்றில், இரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணைக் குறைப்பதில் நிலையான அழுத்தமே ஒரு முடி அளவு முன்னால் நின்றது. விலை அதிகம் என்றால் வேலையும் அதிகம் என்ற சந்தைக் கணக்கு இங்கே செல்லாது.

ஆனால் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் எண்ணை முன்கூட்டியே சரியாகக் கண்டுபிடித்துக் கொடுத்த நிலையான இயந்திரத்தோடுதான் ஆட்டோவை ஒப்பிடுகின்றன. அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவே 115 கிலோமீட்டர் போக வேண்டியவருக்கு ஒப்பீடு வேறு. அவருக்கு ஆட்டோவை அளவுகோலாக எடுத்துக்கொள்வது பொருத்தம். இரண்டு வாரம் அவர் வீட்டுக் கட்டிலில், அவர் தலையணையில், மின்விசிறிக்கு அடியில் படுத்தபடி இயந்திரம் குறிப்பெடுக்கும். எஸ்.டி. கார்டிலோ செல்போன் வழியாகவோ அந்தக் குறிப்பு மருத்துவரிடம் போய்ச் சேரும். மனிதர் பஸ் ஏற வேண்டியதில்லை.

அந்த அறிக்கையில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று நடு அழுத்தம்: இரவில் பாதி நேரம் இதற்குக் கீழே இருந்தது. மற்றது 95 சதவீத அழுத்தம்: இரவில் நூற்றில் 95 பங்கு நேரம் இதைத் தாண்டவில்லை. ஒருவருக்கு நடு எண் 8.4, மேல் எண் 9.2 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் தொண்டைக்கு இரவெல்லாம் ஏறக்குறைய ஒரே தேவை. 9 அல்லது 10இல் நிறுத்திய சாதாரண சிபேப் அவருக்குப் போதும்; கூடுதல் பணம் வீண். இன்னொருவருக்கு நடு எண் 6.5, மேல் எண் 12.8. இவரை 13இல் நிறுத்தினால் பாதி இரவுக்கு வேண்டாத காற்று முகத்தில் அடிக்கும், வயிறு உப்பும், முகமூடி கசியும், ஒரு வாரத்தில் இயந்திரம் பரணுக்குப் போகும். ஆட்டோவுக்கு ஏற்ற ஆள் இவர்தான்.

ஒரே மனிதருக்கு ஏன் இவ்வளவு வேறுபாடு? மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும், ஒருக்களித்தால் குறையும். சளி பிடித்தால் ஒரு தேவை. எடை பத்து சதவீதம் கூடினால் ஏ.எச்.ஐ. மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது என்பது அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆண்டுக்கணக்கில் நடந்த ஆய்வின் முடிவு. எடை குறைந்தால் நோயும் இறங்கும். மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். கார்த்திகை முதல் நாள் மாலை போட்டுக்கொள்ளும் ஆளை நினைத்துப் பாருங்கள். சபரிமலைக்குப் போகும் கூட்டம் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகக் குமுளி ஏறும் மாதங்கள் அவை. நேற்றுவரை மாலையில் மதுக்கடை வாசலில் நின்றவர் இன்று முதல் ஒரு மண்டலம் தொடுவதில்லை, தரையில் பாய் விரித்துப் படுக்கிறார், இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார். ஐப்பசியில் அவருக்குத் தேவைப்பட்ட அழுத்தம் கார்த்திகையில் தேவைப்படாமல் போகலாம். தை பிறந்து மாலையைக் கழற்றியதும் பழைய எண் திரும்பி வரலாம். நிலையான இயந்திரத்துக்கு இந்தக் காலண்டர் தெரியாது.

ஆட்டோவிலும் ஒரு பொறி உண்டு. பெட்டியிலிருந்து எடுத்தபடியே விட்டால் அதன் எல்லை 4 முதல் 20 வரை. ‘அதுவே பார்த்துக்கும்’ என்று விற்றுவிட்டுப் போவார்கள். 4 என்பது பெரிய உடம்புக்காரருக்கு மூச்சு முட்டும் அளவுக்குக் குறைவு; அங்கிருந்து தேவையான இடத்துக்கு ஏறுவதற்குள் பல தடைகள் நடந்து முடிந்திருக்கும். ஏனென்றால் இயந்திரம் ஏதாவது ஒரு குறையைக் கண்ட பிறகுதான் ஏறும். மேல் எல்லை 20 என்று திறந்து கிடந்தால், ஒரு கசிவைத் தப்பாகப் புரிந்துகொண்டு எகிறி, தூங்குபவரை எழுப்பிவிடும். முதல் அறிக்கையைப் பார்த்து 7 முதல் 12 வரை என்பது போலக் குறுகிய வேலி போட்டுக் கொடுப்பது மருத்துவரின் வேலை. அந்த வேலை நடக்காத ஆட்டோவை விட, ஓரளவு சரியான எண்ணில் நிறுத்திய மலிவான சிபேப் எவ்வளவோ மேல். வாங்கியவர்கள் எல்லோருக்கும் இதைக் கடையில் சொல்கிறார்களா என்பது சந்தேகம்தான்.

ஆட்டோவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் நோயால் ஆக்சிஜன் குறைந்தே இருப்பவர்கள், உடல் பருமனால் பகலிலும் கரியமில வாயு தேங்குபவர்கள், ஓபியாய்டு வகை வலிமருந்து எடுப்பவர்கள் என இவர்களுக்கு மூளையிலிருந்து வரும் மூச்சு உத்தரவே தடுமாறலாம். இயந்திரத்தின் ஊகத்தை நம்பி விட முடியாது. மதுரைக்குப் போய் அந்த ஒரு இரவைக் கழித்துவிட்டு வருவதுதான் வழி. பலருக்குப் பைபேப் போன்ற வேறு இயந்திரமே தேவைப்படும்.

இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும் சண்டை நடப்பது முகமூடியில். தெற்கத்தி மீசை சிலிக்கோன் விளிம்புக்கு அடியில் புகுந்து வரப்பு வெட்டிவிடும். அந்த வாய்க்கால் வழியாகக் காற்று ஓடும். நிலையான இயந்திரம் கசிவை ஈடுகட்டிக்கொண்டு தன் எண்ணைப் பிடித்து நிற்கப் பார்க்கும். ஆட்டோவுக்குச் சிக்கல் அதிகம், ஏனென்றால் அது நம்பியிருப்பது அந்தக் காற்றோட்டத்தின் வடிவத்தைத்தான். கசிவு பெரிதானால் முகடும் தெரியாது, மேசையும் தெரியாது. மீசையை எடுக்க மனமில்லாதவர்களுக்கு மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் சிறு தலையணை போன்ற வகை இருக்கிறது. பெண்களுக்கு மூக்குத்தி. கல் பதித்த மூக்குத்தி முகமூடியின் ஓரத்தைத் தூக்கிவிடும், அழுத்தி அழுத்திப் புண்ணாக்கியும் விடும். இரவில் கழற்றினால் துளை தூர்ந்துவிடுமோ என்ற பயம், சில வீடுகளில் கழற்றவே கூடாது என்ற வழக்கம். மூக்கின் பக்கங்களைத் தொடாத முகமூடியைத் தேடிக் கொடுக்க யாராவது மெனக்கெட வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகளில் மூக்குத்திக்கு இடமில்லை.

பள்ளத்தாக்குக்கே உரிய இன்னொரு கேள்வி உயரம். கம்பம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், குமுளி சுமார் 900. இடையில் இருபதே கிலோமீட்டர். மேலே போனதும் காற்றழுத்தம் 50 சென்டிமீட்டர் நீர் அளவுக்கு மேல் குறைந்துவிடுகிறது. இயந்திரம் சேர்ப்பதோ அங்கிருக்கும் காற்றுக்கு மேலே ஒரு 10. அழுத்தத்தை அளக்காமல் விசிறியின் வேகத்தை மட்டும் நம்பிய பழைய இயந்திரங்கள், மெலிந்த காற்றில் சொன்னதைவிடக் குறைவாகவே கொடுக்கும். மலை ஏறினால் திருகிச் சரிசெய்ய வேண்டும். இன்றைய இயந்திரங்கள், நிலையானதோ ஆட்டோவோ, உள்ளேயே அழுத்தத்தை அளந்து சரிசெய்துகொள்கின்றன. ஏலத்தோட்டத்துக் குடியிருப்பில் வாரக்கணக்கில் தங்குபவர் பழைய இயந்திரத்தைக் கைமாற்று விலைக்கு வாங்குவதானால் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கைமாற்று வாங்குபவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் தன் இயந்திரங்களில் பல லட்சத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு உதிர்ந்து, துகள் மூச்சோடு போகக்கூடும் என்பது காரணம். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும் என்றும் ஓசோன் கொண்டு சுத்தம் செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்றும் எச்சரித்தார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலை நினைத்தால், எந்த மாடல், எந்த ஆண்டு என்று பார்க்காமல் பழைய இயந்திரத்துக்குப் பணம் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. காற்றை ஈரப்படுத்தும் தொட்டிக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றினால் உப்புப் படியும். அதற்குக் காய்ச்சி வடித்த நீர்தான். மின்தடை நேரத்தில் இன்வர்ட்டரில் ஓட்டுபவர்கள் அந்தத் தொட்டியின் சூடாக்கியை நிறுத்திவைத்தால் பேட்டரி வெகுநேரம் தாங்கும். மின்சாரத்தின் பெரும்பங்கைத் தின்பது காற்றை ஊதும் மோட்டார் இல்லை, தண்ணீரைச் சூடாக்கும் தட்டுதான்.

எதை வாங்கினாலும் மாட்டினால்தான் வேலை செய்யும். 2016இல் வெளியான சேவ் என்ற பெரிய சோதனையில் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2,717 இதய, மூளை இரத்தக்குழாய் நோயாளிகள் கலந்துகொண்டார்கள். சிபேப் மாட்டியவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை என்று முடிவு வந்ததும் உலகெங்கும் அதிர்ச்சி. அவர்கள் மாட்டியிருந்த நேரத்தைப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம். பாதித் தோட்டத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு மீதியைக் காற்றிடம் விட்ட கதை. இயந்திரத்தை முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் வசதி பல விற்பனையாளர்களிடம் உண்டு. எந்த வகை என்று முடிவு செய்வதைவிட, மாட்டித் தூங்க முடிகிறதா என்று தெரிந்துகொள்ள அந்த வாடகைப் பணம் உதவும்.

நான்கு மணி நேரம் மாட்டினால் தேறிவிட்டதாக ஒரு வழக்கம் இருக்கிறது. காப்பீட்டுக்காரர்களும் ஆய்வாளர்களும் வைத்த எல்லை அது. தொண்டைக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பத்து மணிக்கு மாட்டி, இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தபோது கழற்றி வைத்துவிட்டு மறுபடி படுப்பவர்கள் நிறையப் பேர். கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் கனவுத் தூக்கம் முன்னிரவில் கொஞ்சமாகவும் விடியலை நெருங்க நெருங்க நீண்டும் வருகிறது. உடம்பின் தசைகள் கிட்டத்தட்ட முழுவதும் செயலிழந்து கிடப்பது அப்போதுதான். தொண்டை மிக எளிதில் சரிவதும், ஆக்சிஜன் மிக ஆழமாக இறங்குவதும் பலருக்கு அப்போதுதான். ஆட்டோ இயந்திரத்தின் அறிக்கையில் இரவெல்லாம் 7இலும் 8இலும் நகர்ந்த கோடு மூன்று மணிக்கு மேல் 11, 12 என்று மலை ஏறுவதைப் பார்க்கலாம்.

மாட்டிக்கொண்டு தூங்கியிருந்தால், அவ்வளவுதான். கழற்றி வைத்தவரின் அறிக்கையில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இந்த நோய்க்குச் சிகிச்சை எடுக்காத ஓட்டுநர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.4 மடங்கு என்று 2009இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடியுமுன்னே தெருமுனையில் வந்து ஆரன் அடிக்கத் தொடங்கிவிடும். சாப்பாட்டுத் தூக்குகளோடு பெண்கள் ஏறிக்கொண்டதும் அவை கிளம்பும். போடிமெட்டுக்கு மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள்.